அழிக்க முதல் எழுதித் தாருங்கள்: கிழக்கின் கராஜ்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, நானாமாரே, தம்பிமாரே,

இலங்கையின் கிழக்கில், வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் வீதியோரத்தில் கராஜ் வைத்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒரே ஒரு விடயம். வண்டியில் ஸ்கேனரைக் கொழுவி எரர் பார்க்கிறீர்கள். பார்த்த பிறகு, அழிக்கிற பொத்தானை அமர்த்த முதல், அங்கே என்ன இருந்தது என்பதை எழுதி வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுங்கள். பில்லின் பின்பக்கம் பேனையால் எழுதினாலும் போதும். திரையைப் போனில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டாலும் சரி.

கோரிக்கை அவ்வளவுதான். ஏன் என்று சொல்லத்தான் கொஞ்சம் நீளும்.

நான் மெக்கானிக் இல்லை. பகலில் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிற ஆள். ஸ்பானரைக் கையில் எடுத்தால் நட்டின் மூலைதான் தேயும். ஆனால் வாகனம் தன்னைப் பற்றிச் சொல்கிற எண்களை வாசிப்பது சில வருடமாகப் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு. ஸ்டியரிங்குக்குக் கீழே முழங்கால் முட்டுகிற இடத்தில் இருக்கிற 16 ஊசிச் சொக்கற்றில் ஒரு சின்ன புளூடூத் அடப்டர், கையில் பழைய போன் ஒன்று, இவைதான் என் சாமான்கள். ஞாயிறு பின்னேரம் கல்லடிப் பக்கம் மற்றவர்கள் வாவியில் தூண்டில் போட்டுக்கொண்டிருக்க, நான் நிறுத்தி வைத்த வண்டிக்குள் இருந்து தண்ணீர்ச் சூடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் இதற்கு வைத்திருக்கிற பெயரை இங்கே எழுத முடியாது. சொந்தக்காரர், அயலவர், அலுவலகத்து ஆட்கள் என்று வண்டியைக் கொண்டுவந்து "ஒருக்காப் பாருங்க" என்பார்கள். அப்படிப் பார்க்கப் பார்க்கத்தான் இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்தது. ஏனென்றால் நான் பார்க்கிற பெரும்பாலான வண்டிகளில் வாசிக்க எதுவும் மிஞ்சி இருப்பதில்லை. யாரோ ஏற்கெனவே அழித்திருப்பார்கள்.

எரர் என்று நாம் சொல்வது ஒரு கோட், அதாவது ஒரு பிழை எண் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்களில் பழகியவர்களுக்குத் தெரியும், அதோடு இன்னொன்றும் பதிவாகிறது. பிழை பதியும் அந்தக் கணத்தில் என்ஜின் எந்த நிலையில் இருந்தது என்பதை, என்ஜினைக் கட்டுப்படுத்துகிற கணினிப் பெட்டியான ஈசியூ ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். வண்டி ஓடிக்கொண்டிருந்ததா நின்றதா, சுற்று எவ்வளவு, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, என்ஜினில் சுமை எவ்வளவு, பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததா குறைத்ததா, எல்லாம் அதில் இருக்கும். அழிக்கிற பொத்தானை அமர்த்தினால் கோட்டோடு சேர்ந்து இந்தப் படமும் போய்விடும். வண்டி தன் பிழையைத் தானே பதிந்து சொல்கிற ஓபிடி முறையில் இரண்டையும் அழிப்பது ஒரே கட்டளைதான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அழிக்க வழி கிடையாது.

களுவாஞ்சிக்குடியில் இருக்கிற என் மச்சானின் கார் கதையைச் சொல்கிறேன். கராஜின் பெயர் வேண்டாம், அது எந்த ஊரில் என்பதும் வேண்டாம். என்ஜினில் பிழை என்று காட்டுகிற மஞ்சள் லைற் பற்றியது. கொண்டுபோய்க் காட்டினார். ஸ்கேன் பண்ணிவிட்டு "ஒட்சிசன் சென்சர் போயிற்று" என்று பாவித்த சென்சர் ஒன்றைப் போட்டு, எரரை அழித்து, லைற் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் நிம்மதி. மறுகா லைற் வந்தது. வேறொரு கராஜ். அங்கே இன்ஜெக்டர் கழுவி, காற்றளவு சென்சரைத் துடைத்து, எரரை அழித்து அனுப்பினார்கள். திரும்பவும் கொஞ்ச நாள் நிம்மதி. மூன்றாம் முறை லைற் பற்றியபோதுதான் வண்டி என் வீட்டு வாசலுக்கு வந்தது. நல்லகாலம், அந்த முறை யாரும் கைவைத்திருக்கவில்லை.

கோட் பி0171. என்ஜினுக்குக் காற்றுக் கூட, பெற்றோல் குறைய என்று அர்த்தம். ஃப்ரீஸ் ஃப்ரேமைத் திறந்தால் வேகம் 0, சுற்று 680, தண்ணீர்ச் சூடு 91 பாகை, நீண்டகால ஃபியுவல் ட்ரிம் 22 சதவீதம் கூட்டல். அதாவது சூடேறிய வண்டி நின்றபடி ஐடிலில் இருக்கும்போது ஈசியூ வழக்கத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பெற்றோலைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறது. வண்டியைப் போட்டு நேரடி எண்களைப் பார்த்தேன், ஐடிலில் அதே கதைதான். அக்சிலேற்றரை மிதித்து 2500 சுற்றில் பிடித்து வைக்கச் சொன்னேன். கூட்டல் மெல்ல மெல்ல இறங்கி 5 சதவீதத்துக்கு வந்து நின்றது.

இந்த இறக்கம்தான் விடயமே. அளக்கப்படாத காற்று எங்கோ ஓட்டை வழியே உள்ளே போகிறது என்றால், ஐடிலில் என்ஜின் குடிக்கிற காற்றே கொஞ்சம் என்பதால் அந்தக் கள்ளக் காற்றுப் பெரிய பங்காகத் தெரியும். சுற்றுக் கூடக் கூட மொத்தக் காற்று கூடும், ஓட்டைக் காற்றின் பங்கு சிறுத்துவிடும். பெற்றோல் பம்ப் களைத்திருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ இது தலைகீழாக இருந்திருக்கும். ஐடிலில் சமாளிக்கும், சுமை ஏற ஏறத்தான் பற்றாக்குறை காட்டும். ஆகவே சென்சரும் இல்லை, இன்ஜெக்டரும் இல்லை, எங்கோ காற்று கசிகிறது. அதற்கு மேல் எனக்கு ஓடாது. மச்சானை ஆரையம்பதியில் ஒரு மெக்கானிக் பாஸிடம் அனுப்பினேன். அவர் எண் எதையும் பார்க்கவில்லை. பொனற்றைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார், காபுரேற்றர் கிளீனரை அங்கே இங்கே அடித்தார், ஓரிடத்தில் அடித்ததும் அது கசிவு வழியே உள்ளே இழுபட்டு என்ஜினின் சத்தம் மாறியது. என்ஜினுக்குக் காற்றுப் போகிற இன்ரேக்குக்குக் கீழே வளைந்து போகிற ஒரு றப்பர்க் குழாய், வளைவின் அடிப்பக்கத்தில் பிளந்திருந்தது. மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குழாயின் விலையைச் சென்சர் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே வெட்கம். ஒட்சிசன் சென்சர் முதல் நாளில் இருந்தே உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

முதல் கராஜ்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்த திரையிலும் இதே மாதிரி எண்கள் இருந்திருக்கும். அவற்றை எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டாவது ஆள் அங்கிருந்து தொடங்கியிருப்பார். இரண்டு பேரும் அழித்ததால் ஒவ்வொருவரும் முதலில் இருந்து தொடங்கினார்கள், காசு மட்டும் மச்சானுடையது.

அழித்ததும் ஏன் கொஞ்ச நாள் நிம்மதி என்பதையும் சொல்லிவிடுகிறேன், வண்டிக்காரர்கள் வாசித்தால் அவர்களுக்கும் உதவும். பெரும்பாலான வண்டிகளில் எரரை அழிக்கும்போது ஈசியூ அதுவரை கற்று வைத்த ஃபியுவல் ட்ரிம்மும் சைபருக்குப் போய்விடும். திரும்ப ஓடி, திரும்பக் கற்று, பிழையை ஒரு ஓட்டத்தில் சந்தேகப்பட்டு அடுத்த ஓட்டத்தில் உறுதிப்படுத்திய பிறகுதான் லைற்றைப் போடும். அந்த இடைவெளியைத்தான் நாம் "சரி வந்துட்டு" என்று நம்பிவிடுகிறோம்.

பழைய பாஸ்மார் எழுதுகிறவர்களாகத்தான் இருந்தார்கள். ஸ்கேனர் இல்லாத காலத்தில் டொயோட்டாக்களில் இரண்டு ஊசிகளுக்கு இடையில் ஒரு வயர்த் துண்டைச் சொருகி, லைற் எத்தனை தரம் மினுங்குகிறது என்று எண்ணுவார்கள். இரண்டு மினுக்கம், இடைவெளி, ஐந்து மினுக்கம் என்றால் 25. எண்ணினதைச் சிகரெட் பெட்டி மட்டையிலாவது குறித்து வைக்காவிட்டால் மறந்துபோகும். ஏறாவூரில் ஒரு நானா இன்றைக்கும் அந்த வயரை மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறார். திரை வந்த பிறகுதான் எழுதுகிற பழக்கம் விட்டுப்போனது.

நம் பகுதிக்கு இது ஏன் கூடத் தேவை என்றால், இங்கே ஓடுகிற வண்டிகள் அப்படி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திறந்துவிட 2025 ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் இருக்கிற வண்டியைத்தான் மாறி மாறி விற்று வாங்கி ஓட்டினோம். ஒரே வண்டி மூன்று கை, நாலு கை மாறியிருக்கும். கொம்பனிக் கராஜுக்குக் கொண்டுபோவதென்றால் கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆகவே வண்டியின் வைத்திய வரலாறு முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் இரத்தம் சோதித்தால் துண்டைத் தந்துதான் அனுப்புகிறார்கள், அடுத்த டொக்டர் அதை வைத்துத்தான் பேசுகிறார். வண்டிக்கும் அப்படி ஒரு துண்டு இருக்கலாமே.

அதோடு நமக்குக் கடற்காற்று. கல்லடி, காத்தான்குடி, கல்முனை, நிந்தவூர் எங்கும் கடல் கூப்பிடு தூரம். எர்த் வயரின் முனையும் கனெக்டருக்குள் இருக்கிற ஊசியும் பச்சை பிடிக்கும். கார்த்திகையில் மாரி தொடங்கி வீதியில் தண்ணீர் நின்றால் சக்கரத்துச் சென்சர் எரர், தொடர்பு அறுந்த எரர் என்று ஒவ்வொன்றாக வரும். தையும் மாசியும் கழிந்து வெயில் ஏறினால் தானாகப் போகும். ஒவ்வொரு முறையும் அழித்து அனுப்பினால் ஒவ்வொரு முறையும் அது புதுப் பிழைதான். மூன்று வருடத்துப் பில்லில் அதே எரர் மாரியில் மட்டும் எழுதப்பட்டிருந்தால், கணினிப் பெட்டியை மாற்ற முதல் யாராக இருந்தாலும் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

சரி, இனிக் கொஞ்சம் கசப்பான பகுதி. விற்பதற்கு முதல் நாள் "லைற்றை மட்டும் அணைத்துத் தாங்கோ" என்று கொண்டுவருகிற ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் செய்யாவிட்டால் பக்கத்துக் கராஜ் செய்யும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அழித்ததே ஒரு தடயத்தை விடுகிறது என்பதை விற்கிறவர்களிடம் சொல்லிவையுங்கள். கடைசியாக அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எத்தனை முறை என்ஜின் குளிர்ந்து சூடேறியது என்று ஈசியூ எண்ணிக்கொண்டே இருக்கும். தன் பாட்டில் செய்து முடிக்க வேண்டிய சோதனைகளில் எது முடிந்தது, எது முடியவில்லை என்ற பட்டியலும் இருக்கும். மலிவான அடப்டர்களிலேயே இவற்றை வாசிக்கலாம்.

அக்கரைப்பற்றில் ஒரு பிரியஸ் வாங்கப் போன நண்பர் என்னையும் கூட்டிப்போனார். வண்டி பளபளவென்று இருந்தது. லைற் எதுவும் இல்லை. "ஒரு குறையும் இல்லை, குடும்பமாகப் பாவித்த வண்டி" என்றார் விற்கிறவர். போனில் பார்த்தால் அழித்த பிறகு ஓடியது 14 கிலோமீற்றர். புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிற்றிக் கொன்வேட்டரின் சோதனை முடியவில்லை என்று நின்றது. சின்ன 12 வோல்ற் பற்றரியைக் கழற்றி மாற்றினாலும் இப்படித்தான் காட்டும், அதனால் அதை வைத்து யாரையும் கள்ளன் என்று சொல்ல முடியாது. "அண்மையில் பற்றரி மாற்றினீங்களா?" என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றார். "அப்ப ஒரு கிழமை ஓட்டிவிட்டுத் திரும்பப் பார்ப்போம்" என்றதும் விலை பேச வேறு ஆள் வருகிறார் என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்.

பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடுகிற ஹைபிரிட்டில் இது பெரிய காசு. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பெரிய பற்றரியில் 28 மொடியூல், அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதியாக ஈசியூ கண்காணிக்கிறது. ஒரு தொகுதியின் வோல்ற் மற்றவற்றைவிட அதிகமாகத் தாழ்ந்தால் பி0ஏ80 என்ற கோட்டைப் போடும். அழித்துவிட்டால் அந்த வித்தியாசம் திரும்பவும் சுமையில் வெளிப்படும்வரை லைற் வராது. நம் ஊரில் சுமை எங்கே? வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கிற எழுவான்கரையில் ஓட்டினால் பாலத்து ஏற்றத்தைத் தவிர வேறு ஏற்றம் இல்லை. களைத்த பற்றரி இங்கே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். வாங்கினவர் பதுளைக்குப் போகச் செங்கலடியால் திரும்பி, கரடியனாறு, மஹஓயா, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் குடும்பத்தோடு நிற்கும்போதுதான் சங்கதி வெளியே வரும். அவர் அன்றைக்குத் திட்டப்போவது விற்றவரை மட்டும் என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் எனக்குத் தெரியும், உங்களில் சிலரிடம் தேநீர் குடித்துக்கொண்டு இதைப் பேசியிருக்கிறேன்.

"கோட்டை எழுதிக் கொடுத்தால் அதை யூடியூபில் தேடிவிட்டு வந்து எங்களுக்கே படிப்பிக்கிறார்கள்" என்கிறீர்கள். நூற்றுக்கு நூறு உண்மை. என்னைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்களில்தான் அந்த வகை அதிகம். பி0420 என்று கண்டால் கொன்வேட்டரை மாற்று என்று பாஸிடம் கட்டளை போடுகிற ஆட்கள். அந்தக் கோட் கொன்வேட்டர் வேலை குறைவு என்று ஈசியூ நினைப்பதைச் சொல்கிறது. சைலன்சர் இணைப்பில் கசிவு இருந்தாலும், கொன்வேட்டருக்குப் பின்னால் இருக்கிற சென்சர் பிழைத்திருந்தாலும், என்ஜின் நெடுநாள் மிஸ் அடித்திருந்தாலும் அதே கோட் வரலாம். இதைத் தெரியாமல் போனை நீட்டிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், என் ஆசீர்வாதம் உண்டு. ஆனால் அதற்காக எழுதாமல் விடாதீர்கள். கோட்டுக்குப் பக்கத்தில் உங்கள் முடிவையும் எழுதுங்கள். "பி0420, சைலன்சர் கஸ்கற் கசிவு, மாற்றியது" என்று ஒரு வரி இருந்தால் யூடியூப் அதோடு மோதட்டும்.

"எழுதிக் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு மலிவான ஆளிடம் போய்விடுவார்கள்." இதில்தான் உங்களுக்கு அநியாயம் நடக்கிறது என்று நினைக்கிறேன், அதைச் செய்கிறவர்கள் நாங்கள். பிழையைக் கண்டுபிடிக்க நீங்கள் அரை நாள் மினைக்கெட்டால் அதற்குக் காசு கொடுக்க எங்களுக்கு மனம் வராது. "பார்த்ததுக்கே காசா?" என்போம். சாமான் ஒன்றை மாற்றினால் மட்டும் கேள்வி கேட்காமல் கொடுப்போம். அப்போது சாமான் மாற்றத்தானே செய்வீர்கள்? சென்சர் விற்றால் வருமானம், யோசித்தால் நட்டம் என்று நாங்களே உங்களைப் பழக்கிவிட்டோம். ஆகவே ஸ்கேன் பண்ணுவதற்கும் பிழை தேடுவதற்கும் இவ்வளவு என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள். துணிந்து கேளுங்கள். அந்தக் காசுக்குக் கையில் கிடைக்கிற பொருள்தான் நான் கேட்கிற துண்டு. அதை எடுத்துக்கொண்டு அவர் எங்கே போனாலும் உங்கள் உழைப்புக்கான கூலி உங்களிடம் வந்துவிட்டது.

"உங்களிடம்தான் அடப்டர் இருக்கிறதே, நீங்களே பார்க்கலாமே" என்பவர்களுக்கு: எங்கள் அடப்டரின் இலட்சணம் உங்களுக்குத் தெரியும். கனடாவில் எல்ம் இலெக்ட்ரோனிக்ஸ் என்ற சின்னக் கொம்பனி செய்த ஈஎல்எம்327 சிப்பின் கள்ளப் பிரதிகள்தான் சந்தையில் கிடைப்பவற்றில் பெரும்பங்கு. மூலக் கொம்பனி 2022 இல் கடையை மூடிவிட்டது, பிரதிகள் மட்டும் குறைவில்லாமல் வருகின்றன. மேலே பதிப்பு 2.1 என்று போட்டிருக்கும், பாதிக் கட்டளைக்குப் பதில் சொல்லாது. சொன்னாலும் என்ஜின் பக்கம்தான் தெரியும். பிரேக், எயார்பாக் எரர்களுக்கு அந்தந்தக் கொம்பனியின் பாஷை பேசுகிற உங்கள் பெரிய ஸ்கேனர் வேண்டும். பழைய ஜப்பான் வான் என்றால் நிலைமை இன்னும் மோசம். அமெரிக்காவில் 1996 மொடலில் இருந்து ஓபிடி கட்டாயம், ஐரோப்பாவில் பெற்றோல் கார்களுக்கு 2001. ஜப்பான் தன் உள்ளூர்ச் சந்தை வண்டிகளுக்கு அதைக் கொண்டுவரப் பிந்திவிட்டது. அதனால் சொக்கற் அச்சொட்டாக அதே வடிவத்தில் இருக்கும், எங்கள் அடப்டரைக் கொழுவினால் பதிலே வராது. நீங்கள் அழித்தால் எங்களால் மீட்க வழியில்லை.

உங்களில் பலரிடம் இருக்கிற ஸ்கேனரிலேயே அறிக்கையாகச் சேமித்து அனுப்பும் வசதி இருக்கிறது. பெடியன்மாரிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் படிப்பிக்கிற ஆசிரியர்மாரும் இதை வாசித்தால், பிள்ளைகளுக்கு அழிக்கிற பொத்தானைக் காட்டிக் கொடுக்க முதல் அந்த அறிக்கைப் பொத்தானைக் காட்டிக் கொடுங்கள்.

துண்டில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டால், திகதி, மீற்றரில் ஓடின கிலோமீற்றர், வந்த கோட் எல்லாம், ஃப்ரீஸ் ஃப்ரேமில் சுற்றும் வேகமும் தண்ணீர்ச் சூடும் ஃபியுவல் ட்ரிம்மும், நீங்கள் செய்த வேலை, கடைசியில் அழித்தீர்களா இல்லையா. ஒரு உள்ளங்கை அகலக் கடதாசிக்குள் அடங்கும். மச்சானின் கார் அப்படி ஒரு துண்டோடு போயிருந்தால் அதில் "பி0171, 680, 0, 91, கூட்டல் 22" என்று இருந்திருக்கும், இரண்டாவது கராஜ்காரரே பொனற்றுக்குள் காதைக் கொடுத்திருப்பார்.

யாருக்காவது மாதிரித் துண்டுப் புத்தகம் வேண்டும் என்றால் நான் அடித்துக் கட்டித் தருகிறேன், கராஜ் பெயரையும் போன் நம்பரையும் மேலே போட்டு. முதல் புத்தகத்துக்குக் காசு வேண்டாம். ஸ்கேனரில் அறிக்கை எடுக்கிற இடம் தெரியாவிட்டால் ஞாயிறு பின்னேரம் சொல்லியனுப்புங்கள், வந்து சேர்ந்து தேடுவோம். ஸ்பானரை மட்டும் என் கையில் தராதீர்கள்.

இப்படிக்கு,
கல்லடியில் இருந்து, உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்